ஜீன்ஸ் பையில் ஒரு பூத்தையல் ஜன்னல்

பழைய ஜீன்ஸில் பை தைப்பது புதிய விஷயம் இல்லை. நிறையப் பேர் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அதில் ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான்: எம்ப்ராய்டரித் துண்டை ஜீன்ஸின் மேல் வைத்துத் தைக்காதீர்கள், ஜீன்ஸுக்கு அடியில் வைத்துத் தையுங்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணம். தோளில் மாட்டும் பை நாள் முழுக்க எதன் மேலாவது உரசிக்கொண்டே இருக்கும். நடக்கும்போது இடுப்பில், பஸ்ஸில் சீட்டுக் கம்பியில், ஸ்கூட்டரில் முன்னால் மாட்டினால் முழங்காலில். ஜீன்ஸ் துணிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரண்டு இழை ஆங்கர் நூலில் போட்ட பூவுக்கும் ஆரி ஊசியில் இழுத்த ஜரிக்கும் அந்தத் தெம்பு கிடையாது. மேலே வைத்துத் தைத்தால் பையிலேயே துருத்திக்கொண்டு நிற்கும் இடம் அதுதான், அதனால் முதலில் தேய்வதும் அதுதான். ஓரம் பிரியும், அப்புறம் நூல் பஞ்சு பஞ்சாக எழும்பும், பை கல்லு மாதிரி இருக்கும்போதே பூ போய்விடும். அதற்குப் பதிலாக ஜீன்ஸில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் ஓரத்தை உள்பக்கம் மடித்து, பூத்துண்டைப் பின்னால் வைத்துச் சுற்றித் தைத்துவிட்டால் உரசல் பெரும்பாலும் மடித்த ஜீன்ஸ் விளிம்போடு நின்றுவிடும். பூ கொஞ்சம் உள்ளே தள்ளிப் பத்திரமாக இருக்கும், பார்க்கவும் அழகு.

பூத்துண்டுக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு என்று தைத்து அப்புறம் போட முடியாமல் போன ஆரி ஒர்க் பிளவுஸ் ஒன்று பல வீட்டு பீரோவிலும் இருக்கிறது. உடம்பு போட்டுவிட்டால் ஓரளவுக்கு மேல் பிரித்துவிட முடியாது, அவ்வளவு கூலி கொடுத்ததைத் தூக்கிப் போடவும் மனசு வராது. அதன் இரண்டு கைகளும், முதுகில் இருக்கும் மயிலோ தாமரையோ, பை ஜன்னலுக்குச் சரியான அளவு.

அம்மா காலத்துத் துண்டுகள் வேறு ரகம். அப்போது பள்ளிக்கூடத்தில் தையல் கிளாஸ் என்று ஒன்று உண்டு, கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிட்ச் போடாத பெண்கள் குறைவு. எங்கள் அம்மா போட்ட தலையணை உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. நடுவில் தலை பட்டுப் பட்டுத் துணி சல்லடையாகிவிட்டது, ஆனால் மூலையில் ஒரு ஜோடிக் கிளி அப்படியே இருக்கிறது. அதில் ஒரு கிளிக்கு இறக்கை பாதிவரை ஒரு பச்சை, அதற்குக் கீழே கொஞ்சம் மஞ்சள் கலந்த வேறு பச்சை. நூல் தீர்ந்து, கடையில் அதே நம்பர் கிடைக்காமல், கிடைத்ததை வைத்து முடித்திருக்கிறார். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஒரு முடிச்சுகூட இல்லை, நூல் நுனியை எல்லாம் முந்தைய தையலுக்கு அடியிலேயே நுழைத்து மறைத்திருக்கிறார். அந்த இரண்டு பச்சையும் ஜன்னலுக்குள் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கிளியை எடுத்து இந்தப் பைக்கு வைத்தேன்.

ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நல்ல நிலையில் இருக்கும் கைவேலையைப் பைக்காக வெட்டக் கூடாது. நாங்கள் கோவை என்பதால் ஊட்டி பக்கம், நீலகிரி மலையில் வாழும் தோடர் பழங்குடிப் பெண்கள் போடும் எம்ப்ராய்டரி கண்ணில் படும். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, எந்த வரைபடமும் இல்லாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே போடுவது அது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படி ஒரு முழுப் போர்வை உங்கள் வீட்டில் இருந்தால் அதில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள். சின்ன அளவிலும் போட்டு விற்கிறார்கள், அதை வாங்கித் தையுங்கள், போட்டவர் கைக்குக் காசும் போகும். தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் போடும் வேலைக்கும் இதையேதான் சொல்வேன். வெட்டுவது என்றால் கிழிந்தது, கறை பட்டது, யாருக்கும் போட முடியாதது, டெய்லர் கடையில் மிஞ்சிய பிட்டு, இவற்றை வெட்டுவோம்.

இனி ஜீன்ஸ். எல்லா ஜீன்ஸும் பைக்கு ஆகாது. உள்பக்க லேபிளைப் பாருங்கள். எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று எது இருந்தாலும், இரண்டே சதவீதம் என்றாலும், கொஞ்சம் கனம் ஏற்றியதும் பை தொங்கிவிடும். நூறு சதவீதம் காட்டன்தான் வேண்டும். லேபிள் போய்விட்டதென்றால் துணியைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், ரப்பர்போல வந்து திரும்பினால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கின்னி வேண்டாம், காலில் அகலம் போதாது. என் தம்பி காலேஜில் போட்ட ஸ்ட்ரெயிட் கட் ஒன்றுதான் நான் எடுத்தது, கனமான துணி.

அடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பேன்ட்டைப் பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடமும் உள்தொடையும் மெலிந்து வெளிச்சம் கசியும். முழங்கால் பொம்மென்று உப்பி வடிவம் மாறியிருக்கும். முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் பக்கம்தான் துணி கிட்டத்தட்டப் புதுசாக இருக்கும். பேன்ட்டைத் தூக்கிப் போடும்போது அந்த நல்ல துணியையும் சேர்த்துத்தான் போடுகிறோம். லீவைஸ் கம்பெனியே 2015இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: அவர்களுடைய 501 மாடல் ஜீன்ஸ் ஒன்று, பருத்தி விளைவதில் தொடங்கி வீட்டில் துவைப்பதுவரை, மொத்தம் 3,781 லிட்டர் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. அதில் பாதிக்கு மேல் பருத்திச் செடிக்கே போகிறது. அவ்வளவு தண்ணீர் குடித்த துணி முழங்காலில் வெளுத்துவிட்டது என்பதற்காகக் குப்பைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஒரு காலைக் கையில் எடுத்து இரண்டு பக்கத் தையலையும் பாருங்கள். பெரும்பாலான ஜீன்ஸில் தொடையின் உள்பக்கம் வரும் தையல் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, மேலே இரட்டைக் கோடாக ஓடும். வெளிப்பக்கத் தையல் வெறுமனே சேர்த்து ஓவர்லாக் அடித்தது. அதனால் பிரிப்பது என்றால் வெளிப்பக்கத்தைப் பிரியுங்கள், இரட்டைத் தையலைத் தொடாதீர்கள், அது பைக்கு முதுகெலும்பு. பிரித்து விரித்தால் கெண்டைக்கால் பகுதியில் சுமார் 17 இஞ்ச் அகலம் கிடைக்கும், நடுவில் அந்த இரட்டைத் தையல் செங்குத்தாக ஓடும். ஒரு காலில் பையின் முன்பக்கம், இன்னொரு காலில் பின்பக்கம். காலின் அடிமடிப்பை வெட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். தலைகீழாகத் திருப்பினால் அந்த மடிப்புதான் பையின் வாய். கம்பெனித் தையலில் ஏற்கெனவே முடித்த விளிம்பு, நாம் எவ்வளவு பாடுபட்டாலும் அந்த வெளுப்பும் சுருக்கமும் வராது. மடிப்பு விளிம்பிலிருந்து பதின்மூன்றரை இஞ்ச் அளந்து வெட்டிக்கொண்டால் அரை இஞ்ச் தையலுக்கும் இரண்டு இஞ்ச் அடிக்கும் போக, 12 இஞ்ச் அகலம், 11 இஞ்ச் உயரம், 4 இஞ்ச் அடி உள்ள பை வரும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு புத்தகம், குடை எல்லாம் அடங்கும். கால் மேலே போகப் போக அகலமாகும், அந்த அதிகத்தை இரண்டு ஓரத்திலும் சமமாக வெட்டி நேராக்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னலை நடுவில் வைக்க முடியாது, அந்த இரட்டைத் தையல் குறுக்கே வரும். அதற்கு ஒரு பக்கமாகத்தான் வைக்க வேண்டும், நாலு இஞ்ச் அகலம், ஆறு இஞ்ச் உயரம். இது ஒரு குறையே இல்லை, ஒருபக்கமாக இருப்பதுதான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. துணியின் பின்பக்கத்தில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். அந்தக் கோட்டிலேயே வெட்டிவிடாதீர்கள். உள்ளே அரை இஞ்ச் தள்ளி வெட்டி, நாலு மூலைக்கும் சாய்வாக வெட்டு கொடுத்து, கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் கத்தரிக்கோலை நிறுத்துங்கள். ஜீன்ஸ் நெசவில் பாவு நூல் நீலம், ஊடை வெள்ளை, இரண்டும் தடித்த நூல், வெட்டிய இடத்தில் வெள்ளை இழை சீக்கிரம் உருவிக்கொண்டு வரும். அதனால் மூலை வெட்டில் கொஞ்சம் ஃபெவிக்காலை விரல்நுனியால் தடவிக் காயவிடுங்கள். பிறகு நாலு பக்கமும் பின்னால் மடித்து, தண்ணீர் தெளித்து, நன்றாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்.

இப்போது பூத்துண்டு. அதை அப்படியே வைத்துத் தைத்தால் இழுபடும், பின்னால் பலம் கொடுக்க வேண்டும். இஸ்திரி போட்டால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும், எங்கள் ஊரில் டவுன்ஹால் பக்கம் கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மேஜையில் டவலை மடித்துப் போட்டு, பூ கீழே பார்க்கும்படி வைத்து, பின்பக்கத்தில் ஒட்டுங்கள், அப்போதுதான் தையல் நசுங்காது. ஒரே துண்டு ஜன்னலுக்குப் போதாது, சின்னச் சின்னத் துண்டுகள்தான் இருக்கின்றன என்றால் பழைய வேட்டித் துணி ஒன்றை அடியில் விரித்து அதன்மேல் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வைத்துத் தைத்துக்கொண்டே போகலாம். இணைப்பு தெரியும் இடத்தில் கையால் ஹெர்ரிங்போன் என்ற குறுக்கு மறுக்குத் தையல் போட்டுவிட்டால் அதுவும் ஒரு வேலைப்பாடாகிவிடும். வங்காளத்துக் கந்தாவில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிறார்களே, அதற்கு நம் வேட்டி எந்த விதத்திலும் குறைந்ததல்ல. துவைத்துத் துவைத்து மிருதுவான துணியில் ஊசி வெண்ணெயாக இறங்கும்.

ஆரி துண்டு என்றால் ஒரு வேலை கூடுதல். மணியின் மேல் மெஷின் ஊசி இறங்கினால் ஊசி உடையும், தெறிக்கும். தையல் விழும் இடத்தில் அரை இஞ்ச் அகலத்துக்கு மணி, கல், சமிக்கி எதுவும் இருக்கக் கூடாது. நூலை வெட்டி எடுக்காதீர்கள், ஆரி என்பது சங்கிலித் தையல், ஒரு இடத்தில் வெட்டினால் பாதிப் பூ உருவிக்கொண்டு வந்துவிடும். சின்னக் குறடால் மணியை மட்டும் நசுக்குங்கள். கண்ணாடி மணி பொடிப்பொடியாக உதிரும், நூல் அப்படியே இருக்கும். கண்ணை மூக்குக் கண்ணாடியோ வேறு ஏதாவதோ போட்டுக் காத்துக்கொண்டு, கீழே பேப்பர் விரித்துச் செய்யுங்கள். தைக்கும்போது மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண ஃபுட்டைக் கழற்றிவிட்டு ஜிப் ஃபுட் மாட்டினால் மணிக்குப் பக்கத்திலேயே ஒட்டித் தைக்கலாம்.

சாயத்தையும் பார்த்துவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் பூத்துண்டின் சிவப்பை அழுத்தித் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜீன்ஸின் நீலம் வெளிர் நிறப் புடவையில் ஒட்டும் என்ற பயம் நியாயமானது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், ஜீன்ஸின் நீலச் சாயமான இண்டிகோவுக்கு அது பலிக்காது. இண்டிகோ நூலின் நடுவரை இறங்காமல் மேல்வட்டத்தில் மட்டும் படிந்திருப்பது. உரசினால் வருவதும் அதனால்தான், ஜீன்ஸ் அழகாக வெளுப்பதும் அதனால்தான். பல வருடம் துவைத்த ஜீன்ஸில் உதிர வேண்டியது பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். பை தைக்கப் புது டெனிம் துணி வாங்குவதைவிடப் பழசே நல்லது என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

பின்பாக்கெட்டை அடித்துணியோடு சேர்த்து வெட்டிப் பையின் பின்பக்கத்தில் வைத்துத் தைத்தால் போன் வைக்க ஆயிற்று. முன்பாக்கெட் மூலையில் இருக்கும் செம்பு ரிவெட்டையும் வீணாக்க வேண்டாம். அமெரிக்காவில் ரெனோ என்ற ஊரில் இருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், கூலி வேலைக்காரர்களின் பாக்கெட் மூலை கிழிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து அங்கே ரிவெட் அடித்தார். லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து அதற்கு 1873 மே 20இல் காப்புரிமையும் வாங்கினார். நீல ஜீன்ஸ் பிறந்ததே அப்படித்தான். ஒரு தையல்காரர் பலம் போதாத இடம் எது என்று கவனித்துப் போட்ட ஆணி அது. ரிவெட்டோடு இருக்கும் அந்தப் பாக்கெட் வாயை வெட்டி உள்பக்கம் சாவி வைக்கும் பாக்கெட்டாக வைத்திருக்கிறேன். ரிவெட் பக்கத்தில் மட்டும் கையால் தையுங்கள்.

மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போதும், தடித்த இடங்களுக்கு 18. நல்ல பாலியஸ்டர் நூல், தையல் நீளம் மூன்றரை மில்லிமீட்டர். ஜன்னலைச் சுற்றி ஓரத்தை ஒட்டி ஒரு தையல், கால் இஞ்ச் தள்ளி இன்னொரு தையல், ஜீன்ஸிலேயே இருக்கும் அந்தக் காவி நிற நூலைப் போட்டால் கம்பெனி வேலைபோலவே இருக்கும். அப்புறம் வாய்மடிப்புக்கு அடியில் 5 நம்பர் ஜிப், ஜிப்புக்கு அடியில் லைனிங், மூன்றையும் பழைய மடிப்புத் தையலின் மேலேயே ஓட்டி ஒன்றாகப் பிடித்துவிடலாம். லைனிங் துணியை வெளித்துணியைவிடக் கால் இஞ்ச் சிறிதாக வெட்டினால் உள்ளே பொதபொதவென்று நிற்காது.

பக்கவாட்டைச் சேர்க்கும்போதுதான் சோதனை. வாய்மடிப்பு வரும் இடத்தில் ஆறு அடுக்கு ஜீன்ஸ் சேரும், மெஷின் ஏறாது. எங்கள் தெருமுனையில் தைக்கும் அண்ணன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். "மேடு வந்ததும் மிதிக்காத தங்கச்சி. ஃபுட்டுக்குப் பின்னாடி ஒரு ஜீன்ஸ் துண்டை மடிச்சு வச்சு மட்டத்தைச் சரி பண்ணிட்டு, சக்கரத்தைக் கையால சுத்து. அதுக்கு முன்னாடி சுத்தியலால நாலு போடு போட்டுரு." அப்படியே செய்யுங்கள். துணியைக் கல்லில் வைத்து அதன்மேல் இன்னொரு துணி போட்டுச் சுத்தியலால் தட்டினால் பாதி கனம் அமுங்கிவிடும். இதற்கெல்லாம் அந்தப் பழைய கறுப்பு மிதி மெஷின்தான் ராஜா, லேசான பிளாஸ்டிக் மெஷினைக் கஷ்டப்படுத்தாதீர்கள்.

அடி மூலைகளைப் பிரித்துப் பிடித்து முக்கோணமாக்கி, 4 இஞ்ச் அகலம் வரும் இடத்தில் குறுக்கே தைத்தால் பை தானாக நிற்கும். தோள் பட்டைக்கு ஜீன்ஸின் இடுப்புப் பட்டையே இருக்கிறது, இரட்டைத் துணி, ஏற்கெனவே தைத்தது, நேரான பட்டையாக மட்டும் இருக்க வேண்டும், இடுப்பு வளைவுக்கு ஏற்ப வெட்டியது சரிவராது. பெல்ட் லூப்களை எடுக்காதீர்கள், சாவிக்கொத்து மாட்டலாம். பட்டையின் நுனியைப் பக்கவாட்டுத் தையலின் மேல் இரண்டு இஞ்ச் இறக்கி, உள்ளே ஒரு ஜீன்ஸ் துண்டை வைத்து, லைனிங்கை ஒதுக்கிவிட்டு, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். பையின் மொத்த கனமும் இந்த இரண்டு சதுரத்தில்தான் தொங்கப் போகிறது, இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

லைனிங்கின் அடியில் கையை விட்டுத் திருப்புவதற்காக விட்ட இடைவெளியை மெஷினில் மூடாமல் கையால் மூடுங்கள். துவைப்பது என்றால் உள்வெளியாகத் திருப்பிக் கையால் அலசி நிழலில் காயப்போடுவதுதான், பிரஷ் வேண்டாம். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சில வருடங்களில் பூ மங்கும், நூல் அறும். அன்றைக்கு அந்தக் கைத்தையலைப் பிரித்து, உள்ளே ஜன்னலைச் சுற்றியிருக்கும் இரண்டு தையலையும் தையல் பிரிக்கும் ரிப்பரால் எடுத்து, பழைய துண்டைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை வைக்கலாம். பை முழுதாகத் தைத்த பிறகு மெஷின் உள்ளே போகாது, அதனால் புதுத் துண்டைத் தடித்த நூலில் கையாலேயே ஓட்டிவிடுங்கள், ஜீன்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஊசித் துளைகளிலேயே ஊசி இறங்கும். பிளவுஸ் கை ஒன்றை அதற்காக இப்போதே கேன்வாஸ் ஒட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.